மகளுக்கு மே மாதம் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு), கணவர் வீட்டார் இந்துக்கள். வீட்டில் என்ன தயாரிப்பு செய்ய வேண்டும்?

காரைக்குடி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்க முறை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) முடித்துத்தான் நற்கருணை என்பது பொது வழக்கம். அது வேறு கணக்கு.

ஞானஸ்நானம் வேறு பங்கில் (வேறு ஊர்க் கோயிலில்) நடந்திருந்தால் சான்றிதழை இப்போதே எழுதி வாங்குங்கள். கடைசி வாரத்தில் பாதி வீடுகள் அதற்குத்தான் அலைகின்றன.

செபங்களில் ஒரு சிக்கல் வரும். அம்மாச்சி சொல்லித்தருவது "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே", கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". பிள்ளை பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். வகுப்பில் சொல்வதையே வீட்டிலும் சொல்லுங்கள். அதற்காக மனப்பாடமே எல்லாம் என்று நினைக்க வேண்டாம். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் நன்மை வாங்கும் வயதை ஏழு வயதை ஒட்டிக் குறைத்தபோது முக்கியமாகக் கேட்டது, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு தெரிகிறதா என்பதைத்தான். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) முதலில், நன்மை பிறகு. முந்தின நாள் சாயங்காலத்துக்குத் தள்ளாமல் சில நாள் முன்பே முடிந்தால் பிள்ளைக்குப் பதற்றம் குறையும். பாவப் பட்டியலை அம்மா எழுதிக் கொடுப்பது தப்பு. அது பிள்ளையின் பாவமாக இருக்காது, போதாக்குறைக்குத் தாள் பெஞ்சிலேயே கிடக்கும்.

நன்மை வாங்கும் விதத்தை மந்திரிக்காத அப்பத்தை வைத்து நாலைந்து தடவை பழக்குங்கள். வலது கைப் பிள்ளை என்றால் இடது உள்ளங்கை மேலே, வலது கை அதைத் தாங்கிக் கீழே. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றதும் "ஆமென்" என்று காதில் விழும்படி சொல்லி, வலது கையால் எடுத்து, அங்கேயே நின்று உட்கொண்ட பிறகுதான் திரும்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டே இடத்துக்கு நடந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அன்றைக்கு ஃபாதர் அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்துக் கொடுப்பதாக இருந்தால் நாவில்தான் வாங்க வேண்டும், கையில் கூடாது. கையில் மட்டும் பழகிய பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். எந்த முறை என்று முன்பே கேளுங்கள். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விடாமல் நாக்கால் தள்ளச் சொல்லுங்கள். பல் படக்கூடாது என்பதெல்லாம் பழைய பயம்.

நடு இரவிலிருந்து பட்டினி என்ற பேச்சையும் விடுங்கள். இன்றைய விதி, நன்மை வாங்குவதற்கு முந்தின ஒரு மணி நேரம் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் போதும்; தண்ணீரும் மருந்தும் கணக்கில் இல்லை. ஏழரைப் பூசையில் நன்மை கொடுக்க எட்டே கால் ஆகும். ஆறரைக்கு இரண்டு இட்லி தாராளமாகக் கொடுக்கலாம். இங்கே மே மாதப் புழுக்கத்தில், வெறும் வயிற்றோடு நெட் துணி கவுனில் நிற்கும் பிள்ளைதான் மயங்கி விழும். கவுன் பருத்தியாக இருக்கட்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பவர்கள். அவர்களிடம் போய் "இரண்டு வாரத்தில் முடித்துவிட முடியுமா" என்று கேட்கும் பெற்றோர், வீடியோக்காரருக்கு மட்டும் முன்பணம் கொடுத்து நாள் குறித்திருப்பார்கள். அந்த வீடியோக்காரர் பீடத்தில் ஏறி, பிள்ளையை "இந்தப் பக்கம் பாரு" என்கிறார். உங்களைச் சொல்லவில்லை.

கணவர் வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். பிள்ளையார்பட்டியில் பிரசாதம் வாங்கிப் பழகிய அப்பத்தா, வரிசை நகர்ந்தால் கை நீட்டத்தான் செய்வார். அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. பூசைக்கு எல்லோரும் வரலாம், நன்மை நேரத்தில் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னால் போதும். கூடவே விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

பிள்ளைக்குக் கோதுமை ஒவ்வாமை இருந்தால் ஃபாதரிடம் இப்போதே சொல்லுங்கள். அப்பம் கோதுமையும் தண்ணீரும் மட்டும்தான். அரிசி அப்பம் செல்லாது. குளூட்டன் குறைந்த அப்பம் தருவிக்கலாம். அதுவும் ஒத்துக்கொள்ளாது என்றால், அப்பம் படாத தனிக் கிண்ணத்திலிருந்து இரசம் மட்டும் வாங்கலாம்.