பனியன் கம்பெனி வேலையிலிருந்து காளான் வளர்ப்புக்கு மாற, புத்தகம் படித்தால் போதுமா?

கேள்வி: திருப்பூரில் 12 வருடமாக மெர்ச்சண்டைசர். காங்கயம் பக்கம் தோட்டம் இருக்கிறது. காளான் வளர்ப்புக்கு மாற ஆசை. படிக்கிற பழக்கம் காலேஜோடு விட்டுப்போச்சு. படித்தே கற்றுக்கொள்ள முடியுங்களா?

பாதி முடியுங்க. மீதி கைக்கு வர வேண்டியது. ஆனால் கை எங்கே தப்பு பண்ணியது என்று கண்டுபிடிக்கவும் படிப்புதான் வேண்டும். அதனால் வேலையில் இருக்கும்போதே இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள்.

தடிமனான புத்தகம் வேண்டாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காளான் பற்றிய பகுதி தமிழிலேயே இருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்து முதல் தடவை சும்மா படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலால் எண்களை மட்டும் கோடிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு படுக்கை (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) போட்டுவிட்டு மூன்றாம் தடவை படியுங்கள். முதலில் கண்ணில் படாத வரியெல்லாம் அப்போதுதான் புரியும். அந்த ருசி ஒருமுறை கிடைத்துவிட்டால் படிக்கும் பழக்கம் தானாகத் திரும்பிவிடும்.

உதாரணத்துக்குச் சிப்பிக் காளான். வைக்கோலை 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 4 முதல் 6 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகவைத்து, வடியவிட வேண்டும். ஈரம் 65 சதவீதம் என்று போட்டிருக்கும். கையில் அது என்ன தெரியுமா? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சொட்டும் வைக்கோலைப் பைக்குள் திணித்தால் உள்ளே காற்றோட்டம் இருக்காது; காளானின் வெள்ளை இழை ஓடுவதற்குள் பச்சைப் பூஞ்சாணம் முந்திக்கொள்ளும், பை புளித்த வாடை அடிக்கும். அந்தப் பையை அன்றைக்கே கொட்டகையை விட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.

பை 60க்கு 30 செ.மீ., நடுவில் 1 செ.மீ. அகலத்தில் இரண்டு துளை. 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், அதன் ஓரமாக 25 கிராம் வித்து (காளான் விதை), மறுபடி வைக்கோல். இப்படி நாலைந்து அடுக்கு. ஒரு புட்டி வித்து இரண்டு படுக்கைக்கு வரும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும்.

சிப்பிக்கு 25 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பங்குனி, சித்திரையில் காங்கயத்துக் கூரைக் கொட்டகையிலும் அது நிற்காது. அந்த மாதங்களுக்கு 30 முதல் 35 டிகிரி தாங்கும் பால் காளான்தான் சரி. ஏபிகே 2 என்ற ரகம். ஆடிக் காற்றில் ஈரப்பதம் இறங்கி மொட்டின் ஓரம் காய்ந்துபோகும். காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

உங்கள் பழைய வேலை இதில் வீணாகாது. ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தானே நூல், நிட்டிங், சாயம் என்று தேதி போடுவீர்கள்? அதே கணக்குதான். பறித்த காளான் வெளியில் ஒரு நாள்கூட ஒழுங்காக நிற்காது. ஒரே நாளில் 50 பை போட்டால் அறுவடையும் ஒன்றாக வந்து விற்க முடியாமல் அழுகும். தினமும் நாலைந்து பை போடுங்கள்.

ராஜினாமா கொடுக்கும் முன் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) கணக்குப் பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,000 என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, 12 வருடத்தால் பெருக்க, சுமார் 1,38,000 ரூபாய் வரும். பி.எஃப். பணத்தில் கொட்டகை போடாதீர்கள். முதல் வருடம் அந்தப் பணம் தொடாமல் கிடப்பது நல்லது.

இன்னொன்று. இரவுப் படிப்பில் காளானைக் கொண்டுவராதீர்கள். தொழிலுக்காக மட்டும் படித்தால் ஒரு படுக்கை கெட்டதும் புத்தகத்தின் மேலும் வெறுப்பு வந்துவிடும். மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் ஆசிரியர் வேலையிலிருந்து மாறி, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, அதில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து 20 நிமிடம் படியுங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் காளான் புத்தகம் ஒன்று போதும். மிச்சக் காசுக்குக் கதையும் கவிதையும் வாங்குங்க.