ஆட்டின் நிறம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இந்தக் கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆர்லாண்டோ போனோம். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில், அமெரிக்க அதிபர்கள் இயந்திரப் பொம்மைகளாக வரும் ‘ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸ்’ பார்த்தோம். திரை விலகி அத்தனை அதிபர்களும் மேடையில் தெரிந்ததும் என் பதினோரு வயது மகள் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்றுவிட்டாள். மறுநாள் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்காட்டில், அமெரிக்க வரலாற்றைப் பொம்மைகள் சொல்லும் ‘அமெரிக்கன் அட்வென்ச்சர்’. கடைசிப் பாட்டு வந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் வெட்கமாக இருந்தது. பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து அழுதிருக்கிறேன்! இவர்களுக்கு மொத்தமே 250 வருடச் சரித்திரம்தான். ஐயாயிரம் வருடச் சரித்திரம் உள்ள நாம் இதற்கெல்லாம் அழலாமா? பிள்ளைகளை இந்தப் பொழுதுபோக்குப் பூங்கா தேசபக்தியில் வளர விடலாமா? நம் நாட்டிலும் இப்படி ஒன்றை யாராவது கட்டினால் எப்படி இருக்கும்? அப்புறம், டிரம்ப் பொம்மை டிரம்ப் மாதிரியே இல்லையே, ஏன்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது லிங்கனின் பால்டிமோர் உரையைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் ‘ஐயாயிரம் வருடம்’ என்ற இடத்திலேயே கடிதத்தை மூடியிருப்பேன்.

முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்துவருகிறார்கள். அவர்களைச் சேர்க்காவிட்டால்தான் 250 வரும். நீங்கள் போட்ட இந்தக் கணக்கைத்தான் அந்தப் பூங்காக்களும் நெடுங்காலம் போட்டன. 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது அங்கே ஓர் ‘இந்தியன் வில்லேஜ்’ இருந்தது. பூர்வகுடிகளே வந்து ஆடிக்காட்டினார்கள். ஆற்றில் படகேறிச் சுற்றினால் ஒரு குடிசை எரிந்துகொண்டிருக்கும். வாசலில் உடம்பில் அம்பு தைத்த வெள்ளைக் குடியேறி ஒருவன் விழுந்து கிடப்பான். 1971-ல் கிராமத்தை மூடி, அந்த இடத்தைப் பாடும் கரடிகளுக்குக் கொடுத்தார்கள். எரிகிற குடிசைக்குப் பிற்காலத்தில் வேறு கதைகள் கட்டி, அம்பைப் பிடுங்கினார்கள். அவர்களே கைவிட்ட கணக்கை நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதுகிறீர்கள். கடிதம் முழுக்க ‘இவர்கள்’ வேறு. உங்கள் மகளுக்கு அது ‘நாங்கள்’ ஐயா. அவள் எழுந்து நின்றபோதே அது உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அழுததற்கு வெட்கப்படாதீர்கள். தெருக்கூத்தில் கர்ணன் சாகும்போது அழுகிற பாட்டிக்கு அவன் தலையிலிருப்பது கட்டைக் கிரீடம் என்பது நன்றாகத் தெரியும். பொம்மையைக் காட்டி அழவைப்பது பழைய கலை, நல்ல கலை. டிரம்ப் பொம்மையின் முகஜாடை பற்றி எனக்கு எந்த அக்கறையும் இல்லை. நம் நாட்டில் ஒன்று கட்டினால் எப்படி இருக்கும் என்கிறீர்கள். கட்டட்டும். கத்தரிக்கோல் யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

கத்தரிக்கோல் என்றது ஒரு காரணத்தோடுதான். நீங்கள் பார்த்த ஆர்லாண்டோ மண்டபம் 1971-ல் திறந்தது. அதற்கு ஓர் அண்ணன் கலிபோர்னியாவின் அனஹைமில், டிஸ்னிலேண்டில் உண்டு. அங்கே லிங்கன் தனியாள். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இல்லினாய் மாநில அரங்குக்காக வால்ட் டிஸ்னி செய்வித்த இயந்திர லிங்கன் அவர். மறுவருடம் ஜூலை 18-ல் இன்னொரு பிரதி டிஸ்னிலேண்டுக்கு வந்தது. வால்ட் சின்னப் பையனாக லிங்கன் வேஷம் கட்டி, கெட்டிஸ்பர்க் உரையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவர். அவருடைய பக்தியில் கலப்படம் கிடையாது.

தங்கை குடும்பத்தோடு ஒரு மதியம் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் வெயிலுக்குப் பயந்து ஏசிக்காக வந்தவர்கள். விளக்கு அணைந்ததுமே எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் குறட்டை விடத் தொடங்கினார். திரை விலகியது. நாற்காலியில் லிங்கன். கைப்பிடியை அழுத்துகிறார், சற்று முன்னே சாய்கிறார், உடம்பின் பாரம் கால்களுக்கு இறங்குகிறது, எழுகிறார். உடனே பேசிவிடவில்லை. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறைப்பானேன். கடைசியில் கைதட்டல் கேட்டு விழித்த பெரியவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அந்த முகத்தைப் பற்றி ஒரு செய்தி. 1860-ல் லெனர்ட் வோல்க் என்ற சிற்பி சிகாகோவில் லிங்கனை உட்காரவைத்து, முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார். தாடி வளர்ப்பதற்கு முந்தைய முகம். இயந்திரத்தின் முகம் அந்த அச்சிலிருந்து வந்தது, தாடியை மட்டும் இவர்கள் சேர்த்தார்கள். நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு எல்லாம் அசல். முகத்தில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர்கள் பேச்சில் என்ன செய்தார்கள் தெரியுமா?

அந்தப் பேச்சு ஒரே உரை கிடையாது. பல உரைகளிலிருந்து வரிகளை எடுத்துத் தைத்தது. தொடக்கம் இப்படிப் போகும்: சுதந்திரம் என்றால் என்ன என்பதற்கு உலகத்தில் இதுவரை நல்ல விளக்கம் இல்லை, அமெரிக்க மக்களுக்கு இப்போது அது மிகவும் தேவைப்படுகிறது, எல்லோரும் சுதந்திரம் வேண்டும் என்கிறோம், ஆனால் எல்லோரும் ஒன்றையே சொல்வதில்லை. இந்த இடத்தில் வெட்டு. அடுத்து வருவது 1858-ல் வேறோர் ஊரில் பேசிய வரிகள்: நம் சுதந்திரத்துக்கு அரண் கோட்டைகளோ கடற்படையோ அல்ல, கடவுள் நம் நெஞ்சில் நட்ட சுதந்திர வேட்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தையல் தெரியாது.

தங்கை வீட்டுக்குத் திரும்பிய இரவு மூல உரையைத் தேடி எடுத்தேன். 1864 ஏப்ரல் 18, பால்டிமோர். போர்வீரர்களின் மருத்துவ உதவிக்குப் பணம் திரட்ட நடந்த சந்தை. அந்த ஊர் இருக்கும் மேரிலாண்ட் மாநிலம் உள்நாட்டுப் போரில் வடக்கோடு இருந்தாலும் அன்றைக்கும் அங்கே அடிமைமுறை சட்டப்படி செல்லும், அந்த நவம்பரில்தான் ஒழிந்தது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு லிங்கன் அடுத்து விளக்குகிறார். சிலருக்குச் சுதந்திரம் என்றால் தன்னையும் தன் உழைப்பின் பலனையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது. வேறு சிலருக்கு அது மற்ற மனிதர்களையும் அவர்கள் உழைப்பின் பலனையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது. பிறகு ஒரு குட்டிக்கதை. ஆட்டின் கழுத்தைக் கவ்விய ஓநாயை மேய்ப்பன் விரட்டுகிறான். ஆடு அவனை விடுதலை தந்தவன் என்று வாழ்த்துகிறது. அதே காரியத்துக்காக ஓநாய் அவனைச் சுதந்திரத்தை அழித்தவன் என்று திட்டுகிறது. கடைசியில் சேர்க்கிறார்: அதுவும் ஆடு கறுப்பு ஆடாக இருந்ததால்.

அரங்கில் ஆடும் இல்லை, ஓநாயும் இல்லை. எல்லோரும் ஒன்றையே சொல்வதில்லை என்பதோடு விட்டுவிட்டார்கள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று லிங்கன் வாய் திறக்கிற இடம் அடுத்த வாக்கியம். தையற்காரர்கள் நிறுத்தவேண்டிய இடம் தெரிந்து நிறுத்தியிருக்கிறார்கள். மச்சானை எழுப்பி இதைப் படித்துக்காட்டினேன். “நாளைக்கு ஆபீஸ் இருக்கு” என்றார்.

ஒரு வெட்டு என்றால் தற்செயல் எனலாம். அதே பேச்சின் இன்னொரு புகழ்பெற்ற இடம், இந்த நாட்டுக்கு அழிவு வந்தால் அது வெளியிலிருந்து வராது, வாழ்ந்தால் என்றென்றும் வாழ்வோம், செத்தால் தற்கொலையாகத்தான் இருக்கும் என்பது. அது 1838-ல், லிங்கனுக்கு 28 வயதில், ஸ்பிரிங்ஃபீல்டில் பேசியது. தற்கொலை என்று எதைச் சொன்னார்? கும்பல் வெறியை. செயின்ட் லூயிஸில் ஒரு கலப்பினத்தவரைத் தெருவில் இழுத்து, மரத்தில் கட்டி, உயிரோடு எரித்ததை அந்த உரையில் சொல்கிறார். பத்திரிகையாசிரியர்களைச் சுடுவதைச் சொல்கிறார். இல்லினாயிலேயே சில வாரங்களுக்கு முன்பு அடிமை ஒழிப்பை ஆதரித்து எழுதிய பத்திரிகையாசிரியர் லவ்ஜாய் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அரங்கத்து லிங்கன் தற்கொலையைச் சொல்வார், யார் யாரைக் கொன்றார்கள் என்று சொல்ல மாட்டார்.

இது நடந்த காலத்தைப் பாருங்கள். 1964 ஏப்ரலில் உலகக் கண்காட்சி திறந்த நாளன்று உள்ளே மறியல் செய்த கறுப்பின உரிமைப் போராளிகளைப் போலீஸ் கைது செய்தது, அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபார்மர் உட்பட. 1965 ஜூலையில் லிங்கன் அனஹைமுக்கு வருகிறார். ஆகஸ்ட் 6-ல் கறுப்பின மக்களின் வாக்கைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகிறது. ஆகஸ்ட் 11-ல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிகிறது, 34 பேர் சாகிறார்கள். அக்டோபர் 3-ல் அதிபர் ஜான்சன் சுதந்திரதேவி சிலையடியில் உட்கார்ந்து குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். எந்த நாட்டில் பிறந்தாய் என்று பார்த்து ஒதுக்கிய பழைய ஒதுக்கீடு ஒழிந்தது அதில்தான். நீங்கள் ஏறிய விமானத்துக்கு அன்றுதான் வழி திறந்தது கே. தெருவில் அடிபட்டுக் கறுப்பின மக்கள் நாட்டை உலுக்கியிருக்காவிட்டால் அந்தச் சட்டம் அப்போது வந்திருக்காது. அந்தக் கறுப்பு ஆட்டுக்கு நீங்களும் கடன்பட்டவர்.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அழுத எப்காட் நிகழ்ச்சியில் 1982-லிருந்தே, அடிமையாக இருந்து தப்பி அடிமைமுறையை எதிர்த்த ஃபிரெடெரிக் டக்ளஸ் பேசுகிறார். நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடியின் தலைவர் ஜோசப் இனி ஒருபோதும் போரிட மாட்டேன் என்கிறார். உங்கள் அதிபர் மண்டபத்தையும் 1993-ல் வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் உதவியோடு திருத்தி, அடிமைமுறையை உள்ளே கொண்டுவந்தார்கள். ஆனாலும் அந்த மேடையில் தலையசைத்துக்கொண்டிருப்பவர்களில் 12 பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் மனிதர்களை விலைக்கு வைத்திருந்தவர்கள். எந்தெந்தப் பன்னிரண்டு என்று மகளோடு சேர்ந்து தேடுங்கள்.

இப்போதெல்லாம் கத்தரி வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. டெக்சஸை ஆண்ட ஆறு அரசுகளின் கொடிகளால் பெயர் பெற்றது ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ்’ பூங்கா. ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சஸ் குடியரசு, கான்ஃபெடரசி (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டு), அமெரிக்கா. 2017-ல் வெள்ளை இனவெறியர்கள் திரண்ட சார்லட்ஸ்வில் கலவரத்துக்குப் பின் கான்ஃபெடரசிக் கொடியை இறக்கினார்கள். இறக்கட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் அதோடு மெக்சிகோவையும் மற்றவர்களையும் சேர்த்து இறக்கிவிட்டு, ஆறு கம்பத்திலும் அமெரிக்கக் கொடியையே ஏற்றிவிட்டார்கள்.

பூங்காவில் வரலாறே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். என் கட்சி அதற்கு நேர் எதிர். 1993-ல் டிஸ்னி நிறுவனம் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர் நடந்த மனாசஸ் போர்க்களத்துக்குப் பக்கத்தில், ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ என்று ஒரு வரலாற்றுப் பூங்கா கட்டப்போவதாக அறிவித்தது. அடிமையாக இருப்பது எப்படி இருந்தது என்பதைப் பார்ப்பவர் உணரும்படி செய்வோம் என்று அதன் வடிவமைப்பாளர் சொல்லப்போக, நாடே கொதித்தது. டேவிட் மெக்கல்லோ, ஜேம்ஸ் மெக்ஃபர்சன் போன்ற பெரிய வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். சுற்றிலும் குதிரைப் பண்ணை வைத்திருந்த பணக்காரர்களும் எதிர்த்தார்கள், அவர்கள் கவலை வேறு. 1994 செப்டம்பர் 28-ல் திட்டம் கைவிடப்பட்டது. போர்க்களம் தப்பியது, சந்தோஷம். ஆனால் அடிமைமுறையை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தின் முன்னால் நடித்துக்காட்டவே முடியாது என்று அப்போது சொன்னார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் பன்னிரண்டே நாள் கழித்து, அக்டோபர் 10-ல், அதே வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க்கில் அதைச் செய்துகாட்டினார்கள். காலனிய கால ஊரை ராக்ஃபெல்லர் பணத்தில் மீட்டுக் கட்டிய இடம் அது. அங்கே கறுப்பின வரலாற்றுப் பிரிவின் தலைவியாக இருந்த கிறிஸ்டி கோல்மன் ஓர் அடிமை ஏலத்தைப் பட்டப்பகலில் தெருவில் நடத்தினார். தானும் ஏலம் போகிறவளாக நின்றார். நிறுத்தச் சொல்லிக் கறுப்பின அமைப்பினரே கூட்டத்தில் கோஷம் போட்டார்கள். எதிர்க்க வந்தவர்களில் ஒருவரான ஜாக் கிரேவ்லி, பார்த்து முடித்ததும் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, வேதனைக்கு ஒரு முகம் கிடைத்தது என்ற பொருளில் பேசினார். அங்கேயும் இருந்தது வேஷம்தான், வசனம்தான், வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான். வெட்டாமல் காட்டினார்கள்.

மகள் எழுந்து நின்றால் நிற்கட்டும். அவளிடம் பொம்மை பொய் என்று சொல்லி எதையும் கெடுத்துவைக்காதீர்கள். பால்டிமோர் உரை சின்னது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவளையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆடும் ஓநாயும் அவளுக்கு எளிதில் புரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே ஃபோர்ட் பில்லோ என்று ஓர் இடம் வரும். டென்னசியில் தெற்குப் படை கறுப்பினப் படைவீரர்களைக் கொன்று குவித்த கோட்டை, அது உரைக்கு ஆறு நாள் முன்பு நடந்தது. செய்தி இன்னும் உறுதியாகவில்லை, உறுதியானால் பதிலடி உண்டு என்கிறார் லிங்கன். பிறகு என்ன பதிலடி கொடுத்தார் என்று அவள் கேட்பாள். அதற்குள் நீங்கள் படித்து வைத்திருக்க வேண்டும்.