டபிள்யூ.எச்.ஏ.வின் கடைசி சீசனைப் பகடையில் மறுபடி ஆடுவது: கேள்வி பதில்

வேர்ல்ட் ஹாக்கி அசோசியேஷன், சுருக்கமாக டபிள்யூ.எச்.ஏ., 1972 முதல் 1979 வரை வட அமெரிக்காவில் நேஷனல் ஹாக்கி லீக்குக்கு (என்.எச்.எல்.) போட்டியாக நடந்த ஐஸ் ஹாக்கி லீக். அதன் ஏழாவதும் கடைசியுமான 1978-79 சீசனைப் பகடையும் நோட்டுப் புத்தகமும் வைத்து முழுசாக ஆடி முடித்திருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எவ்வளவோ நல்ல சீசன்கள் இருக்கும்போது, கலைந்துபோன ஒரு லீக்கின் கடைசி வருஷத்தை ஏன் எடுத்தீர்கள்?

அளவு முதல் காரணம். ஏழு அணிகளோடு தொடங்கி ஆறோடு முடிந்த சீசன் அது. எல்லாம் சேர்த்து 259 ஆட்டங்கள்தான். தினம் ராத்திரி ஒரு ஆட்டம் என்று வைத்தால் எட்டரை மாசத்தில் முடித்துவிடலாம்.

இன்னொரு காரணம், அங்கே ஆடிய ஆட்கள். பின்னால் ஹாக்கியின் பெரிய நட்சத்திரமான வெயின் கிரெட்ஸ்கி 17 வயதிலும், பழம்பெரும் ஆட்டக்காரர் கோர்டி ஹோ 50 வயதிலும் ஒரே லீக்கில் ஆடினார்கள். 1979 ஜனவரியில் சோவியத் அணியான டைனமோ மாஸ்கோவை எதிர்த்த மூன்று ஆட்டங்களில், கோர்டி, அவர் மகன் மார்க், கிரெட்ஸ்கி மூவரும் ஒரே தாக்குதல் வரிசையில் இறங்கினார்கள். மூன்றிலும் டபிள்யூ.எச்.ஏ. அணியே ஜெயித்தது. இந்த லீக்கை வெறும் வேடிக்கையாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, ஒரு ஆட்டத்தை எப்படி ஆடுகிறீர்கள்? கணக்கில் நான் கொஞ்சம் மந்தம், புரியும்படி சொல்லுங்கள்.

சரி, எட்மன்டன் ஆயிலர்ஸையே எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் 80 ஆட்டத்தில் 340 கோல். அதாவது ஆட்டத்துக்கு 4.25. அதை 60 நிமிஷத்தால் வகுத்தால் ஒரு நிமிஷத்துக்கு 0.071 வரும், ஆயிரத்துக்கு 71.

பத்து முகப் பகடை மூன்றை ஒன்றாக உருட்டினால் 000 முதல் 999 வரை ஏதோ ஒரு எண் விழும். 071-க்குக் கீழே விழுந்தால் அந்த நிமிஷத்தில் எட்மன்டனுக்கு ஒரு கோல். எதிரணியின் தடுப்பு பலமாக இருந்தால் 71-ஐ 62 வரை இறக்குவேன், பலவீனமாக இருந்தால் 80 வரை ஏற்றுவேன். இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 120 உருட்டல். கை பழகிவிட்டால் முக்கால் மணி நேரம் ஆகும்.

கோல் விழுந்ததும், அடித்தவர் யார் என்று பார்க்க இன்னொரு உருட்டல். எட்மன்டனுக்காக 72 ஆட்டத்தில் கிரெட்ஸ்கி அடித்தது 43 கோல். அந்த 72 ஆட்டத்தில் அணிக்குச் சராசரியாக 306 கோல் வந்திருக்கும். ஆகவே நூற்றுக்கு 14 பங்கு அவருடையது. ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பங்கு எழுதி அட்டை செய்துகொண்டால் வேலை முடிந்தது.

கேள்வி: சராசரியை வைத்துத்தானே ஆடுகிறீர்கள்? அப்புறம் கடைசியில் அதே அட்டவணைதானே வரும்?

வராது. எட்மன்டன் நிஜத்தில் 48 வெற்றி, 98 புள்ளியோடு முதலிடம். இரண்டாவது வந்த கியூபெக் நோர்டிக்ஸுக்கு 87. பதினொரு புள்ளி பெரிய இடைவெளியாகத் தெரியும். ஆனால் பத்துக்கு ஆறு ஆட்டம் ஜெயிக்கும் அணி, 80 ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தாலேயே நாலைந்து வெற்றி கூடவோ குறையவோ எடுக்கும். அதுவே எட்டு, பத்துப் புள்ளி. கியூபெக்குக்கும் அதே ஏற்ற இறக்கம் உண்டு. என் கணக்குப்படி ஐந்து தடவை ஆடினால் ஒரு தடவையாவது கியூபெக் முந்திவிடும். நான் முதல் தடவை ஆடியபோது அதுதான் நடந்தது.

கிரெட்ஸ்கியின் 43 கோலும் அப்படித்தான். மூன்று தடவை ஆடினால் இரண்டு தடவை 36-க்கும் 50-க்கும் நடுவில் வரும், மூன்றாவது தடவை அதற்கு வெளியே போகும். அட்டவணை பழையபடியே வந்தால்தான் எங்கோ தப்பு என்று நான் தேடுவேன்.

கேள்வி: கிரெட்ஸ்கி முதலில் இண்டியானாபோலிஸ் அணியில்தானே இருந்தார்? அவரை அங்கேயே வைத்து ஆடினால் என்ன?

ஆடலாம், ஆனால் முதல் தடவை வேண்டாம். இண்டியானாபோலிஸ் ரேசர்ஸுக்காக அவர் ஆடியது எட்டே ஆட்டம், மூன்று கோல், மூன்று அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்). கையில் காசில்லாமல் உரிமையாளர் நெல்சன் ஸ்கால்பானியா நவம்பர் ஆரம்பத்தில் அவரை எட்மன்டனின் பீட்டர் பாக்லிங்டனுக்கு விற்றார். கோல்கீப்பர் எடி மியோ, பீட்டர் டிரிஸ்கால் இருவரும் கூடவே போனார்கள். 25 ஆட்டத்தில் ஐந்தே வெற்றியோடு, டிசம்பர் 15-ஆம் தேதி ரேசர்ஸ் கலைந்தது.

கிரெட்ஸ்கி அங்கேயே இருந்தால் கடன் தீர்ந்துவிடுமா? பகடை வங்கிக் கணக்கை மாற்றாது. அதனால் டிசம்பர் 15 வந்ததும் ரேசர்ஸ் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்தேன். பாதியில் நின்றுபோன அந்த 25 ஆட்டப் பக்கம் என் நோட்டில் அப்படியே இருக்கிறது. அதை நிரப்பி அழகாக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஓட்டைகள் உட்படத்தான் இது 1978-79 சீசன்.

கேள்வி: மார்க் மெஸ்ஸியர் அட்டை இவ்வளவு மோசமாக இருக்கலாமா? அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்!

அப்பேர்ப்பட்டவர் ஆனது பிறகுதான். இந்த சீசனில் ரேசர்ஸுக்கு ஐந்து ஆட்டம், சின்சினாட்டி ஸ்டிங்கர்ஸுக்கு 47 ஆட்டம், மொத்தம் ஒரே ஒரு கோல். பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுவந்து அட்டையில் எழுதக் கூடாது. அன்றைக்குப் பெஞ்சில் இருந்த பயிற்சியாளருக்கு என்ன தெரிந்ததோ அதுவே நமக்கும் தெரியலாம். பையன் அந்த ஒரு கோலை எப்போது அடிப்பான் என்று காத்திருப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, அனுபவித்துப் பாருங்கள்.

கேள்வி: சோவியத் அணி ஆட்டங்களையும் அட்டவணையில் சேர்க்கணுமா?

கட்டாயம் சேர்க்கணும். சோவியத் ஆல் ஸ்டார்ஸ் ஆறு, செக்கோஸ்லோவாக்கியா ஆறு, பின்லாந்து ஒன்று. இந்த ஆட்டங்களின் புள்ளி லீக் அட்டவணையில் நிஜமாகவே கணக்கானது. சோவியத் அணி ஆறில் நாலை ஜெயித்தது, அட்டையைத் தாராளமாகவே எழுதுங்கள்.

கேள்வி: சமன் ஆனால்?

பத்து நிமிஷ ஓவர்டைம், அதாவது கூடுதல் நேரம், முதல் கோலோடு முடியும். இருபது உருட்டல். என்.எச்.எல். வழக்கமான சீசனில் அப்போது ஓவர்டைமே கிடையாது, இங்கே உண்டு.

கேள்வி: சொந்த அரங்குச் சாதகம் எல்லோருக்கும் ஒரே அளவுதானா ஐயா?

ஆயிரத்துக்கு 71 மாதிரியான அந்தக் கோல் எண்ணில், சொந்த அரங்கில் மூன்று கூட்டுவேன், வெளியில் மூன்று குறைப்பேன். நியூ இங்கிலாந்து வேலர்ஸ் மட்டும் விலக்கு. 1978 ஜனவரி 18 அதிகாலை, பனிப் பாரம் தாங்காமல் ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டர் கூரை இடிந்து விழுந்தது. சில மணி நேரம் முன்னால்தான் அங்கே ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. அதனால் 1978-79 முழுக்க வேலர்ஸின் ‘சொந்த’ ஆட்டங்கள் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தன. அவர்களுக்கு ஒன்றரைதான் கூட்டுவேன். வேலர்ஸுக்காக 58 ஆட்டத்தில் கோர்டி ஹோ அடித்த 19 கோலும் இந்த நிலைமையில் வந்தவைதான்.

கேள்வி: மூன்றாவது வந்த வின்னிபெக் ஜெட்ஸ் எப்படிக் கோப்பை ஜெயித்தது? என் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள்.

சீசன் சராசரியை, கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுகளுக்கும் அப்படியே வைத்திருப்பீர்கள். ஜெட்ஸுக்கு அது பொருந்தாது. அதன் நட்சத்திரங்கள் ஹெட்பெர்க், நில்சன் இருவரும் என்.எச்.எல்லின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு நட்சத்திரமான பாபி ஹல் நாலே ஆட்டம் ஆடினார். கலைந்த ஹூஸ்டன் ஏரோஸிலிருந்து வந்த லுகோவிச், ரஸ்கோவ்ஸ்கி போன்றவர்கள் மற்றவர்களோடு பழகவே நாளானது. சீசனின் பிற்பகுதியில் லாரி ஹில்மன் போய் டாம் மெக்வீ பயிற்சியாளராக வந்தார். ஆகவே ஜெட்ஸுக்கு மட்டும் இரண்டு அட்டை எழுதுங்கள், மெக்வீக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ரேசர்ஸிலிருந்து ஜெட்ஸுக்கு வந்த கோல்கீப்பர் கேரி ஸ்மித்தையும் கவனியுங்கள். ரேசர்ஸில் அவர் எண்கள் பரிதாபமானவை. அந்த அணிக்குப் பின்னால் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதில் பாதிப் பழியை அணியின் மேல் போட்டுவிட்டுத்தான் அவர் அட்டையை எழுதினேன். நிஜத்தில் ஜெட்ஸ் கியூபெக்கை 4-0 என்று துடைத்துவிட்டு, இறுதியில் எட்மன்டனை 4-2 என்று வென்றது.

கேள்வி: எனக்கு எட்டு மாசப் பொறுமை கிடையாது. எங்கே தொடங்கட்டும்?

அந்த இறுதித் தொடரிலேயே தொடங்குங்கள். இரண்டே அணி, அதிகபட்சம் ஏழு ஆட்டம், ஒரு வாரத்தில் முடியும். 1979 மே 20-ஆம் தேதி ஆறாவது ஆட்டத்தில் ஜெட்ஸ் 7-2 என்று முன்னால் இருந்தபோது, எட்மன்டனின் டேவ் செமன்கோ ஸ்மித்தைத் தாண்டி அடித்ததுதான் அவர்களுடைய மூன்றாவது கோல். லீக்கின் கடைசி கோலும் அதுதான். செமன்கோ அட்டையை மறக்காமல் எழுதி வையுங்கள்.