உப்பு மாவுக் கைத்தடம்: விரிசலும் ஈரமும் அண்டாமல் காப்பது எப்படி?

கேள்வி: மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் உள்ளங்கையை உப்பு மாவில் பதித்து, காயவைத்து, வர்ணம் பூசி எடுத்து வைக்க ஆரம்பித்தோம். அவளுக்கு இப்போது ஆறு வயது. முதல் தடம் காயும்போதே நடுவில் பிளந்துவிட்டது. அடுத்தது நன்றாக வந்தது. ஆனால் மழைக்காலம் வந்ததும் பிசுபிசுத்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. அடுத்த மாதம் என் அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். அவர் முதல் ஒன்றரை வயதுப் பேரன் வரை எல்லோருடைய கைகளையும் ஒரே பலகையில் பதித்துப் பரிசாகத் தர ஆசை. மாவு வேண்டாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை வைத்து எடுத்தால் நிலைத்து நிற்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சின்னவன் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பவன். என்ன செய்யலாம்?

பதில்: மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன், அந்த பிளாஸ்டர் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். கனமாகக் கரைத்து ஊற்றினால் அந்தச் சூடு 60 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூடு தெரியும் நேரத்தில் அது கையைச் சுற்றி இறுகிப்போயிருக்கும், இழுத்தாலும் வராது. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் ஓவிய வகுப்பில் இப்படிக் கைகளை உள்ளே வைத்த 16 வயது மாணவி தீக்காயப்பட்டுத் தன் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. பிளாஸ்டர்தான் வேண்டுமென்றால் ஈரக் களிமண்ணில் கையைப் பதித்து எடுத்துவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் பெரியவர் ஒருவர் பிளாஸ்டரை ஊற்றலாம். உடம்பில் எந்தப் பாகமும் அதில் படக்கூடாது.

இனி உங்கள் தடங்களுக்கு வருவோம். இரண்டையும் கெடுத்தது தண்ணீர்தான். முதல் தடத்திலிருந்து அது அவசரமாக வெளியேறியது. இரண்டாவதற்குள் திரும்பி வந்தது.

மாவு காயும்போது முதலில் காய்வது மேற்பரப்பு. நீர் போனதும் அந்தத் தோல் சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஈரமாக, பருத்தே இருக்கும் மாவு அதைச் சுருங்க விடாது. இந்த இழுபறியில் தோல் கிழிகிறது, அதுவும் பெரும்பாலும் உள்ளங்கைப் பள்ளம் போல மாவு மெலிந்த இடத்தில். தடத்தை நேராக உச்சி வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ வைத்தால் பிளப்பது இதனால்தான். சூடான ஓவனில் வைத்தால் இன்னொரு தொல்லையும் சேரும். 100 டிகிரியைத் தாண்டியதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளமாகத் தூக்கும். மைக்ரோவேவில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

அளவு எளியது: இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூள் உப்பு, முக்கால் கோப்பை தண்ணீர். தேவைப்பட்டால் மட்டும் மீதிக் கால் கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். பேக்கிங் பவுடர் கலந்து வரும் மாவு கூடாது, அது உப்பிவிடும். பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். காதுமடலைத் தொட்டால் எப்படியிருக்குமோ அந்தப் பதம் வந்ததும் ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். இந்த அரை மணி நேரத்தைப் பலரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள்; நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிசையும்போது மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ரப்பர்போல முறுக்கேறி நிற்கும். உடனே கையைப் பதித்தால் பள்ளம் எழும்பி வந்துவிடும், விரல்கள் தடித்தும் குட்டையாகவும் தெரியும். ஓய்வெடுத்த மாவோ கொடுத்த வடிவத்தில் அப்படியே நிற்கும்.

எட்டு மில்லிமீட்டர் கனத்தில் தேயுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் இருப்பது முக்கியம். மாவின் இரண்டு பக்கமும் எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் உருட்டுக்கட்டையை ஓட்டினால் ஆறு வயதுக் குழந்தைகூடச் சீராகத் தேய்த்துவிடும். தொங்கவிடத் துளை வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போதே, விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். பெயரையும் தேதியையும் அப்போதே பின்புறத்தில் குச்சியால் கீறிவிடுங்கள். வர்ணத்தில் எழுதியது உதிரலாம், கீறியது இருக்கும்.

முதல் நாள் முழுக்க நிழல், மெல்லிய காற்று, அடியில் கம்பி வலை. வலை இருந்தால் இரு பக்கமும் சேர்ந்து காயும். விளிம்பு மேலே வளையாது. காலையும் மாலையும் திருப்பிப் போடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து இளவெயில் படலாம். இந்தக் கனத்துக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், மழை நாட்களில் இன்னும் கூடும். ஓவன் இருந்தால் ஒரு நாள் நிழலில் காய்ந்த பிறகு 80 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம், நடுநடுவே திருப்பிப் போட்டு வையுங்கள். ஓவனை அணைத்ததும் கதவைத் திறந்து வெளியே எடுக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். நேற்றைய எடையும் இன்றைய எடையும் ஒன்றாக இருந்தால் போகவேண்டிய நீர் போய்விட்டது. குறைந்துகொண்டே இருந்தால் இன்னும் காத்திருக்கவேண்டும். உங்கள் மகளிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டுத் தேதியையும் எடையையும் அவளே எழுதட்டும். என் பயிற்சி வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்: "காய்ந்துவிட்டதா, வர்ணம் பூசலாமா?" என்று நச்சரிக்கும் பிள்ளைகள், எண் இறங்குவதைத் தாங்களே பார்க்கத் தொடங்கியதும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். தராசு இல்லையென்றால் தடத்தின் அடிப்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வரும் குளிர்ச்சி அது.

அடுத்து, மழைக்காலத்தில் பூத்த வெள்ளை. அது பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. உப்புக்கு, அதாவது சோடியம் குளோரைடுக்கு, ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பிசுபிசுப்பு அதனால் வந்தது. பிறகு ஒரு வறண்ட நாளில் அந்த நீர் மேற்பரப்பு வழியாகப் போகும். அதோடு வந்த உப்பு மேலேயே படிகமாகத் தங்கிவிடும். தொட்டால் நறநறவென்று இருப்பது உப்பு. பஞ்சுபோல, பச்சையாகவோ கருமையாகவோ படர்ந்து வாடை வந்தால் பூஞ்சை. கல் உப்பை இடித்துச் சேர்த்திருந்தீர்களென்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே சுத்திகரித்த தூள் உப்பையே வாங்குங்கள்.

திரும்பி வரும் நீரைத் தடுக்க வார்னிஷ் வேண்டும். வெள்ளைக் கைவினைப் பசையைப் பூசினால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஈரம் பட்டால் அதுவே இளகும். அக்ரிலிக் வர்ணத்தை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வார்னிஷை மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததைப் பூசுங்கள். முன்புறம் மட்டும் பூசிவிட்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பின்புறம், விளிம்பு, தொங்கவிடும் துளையின் உட்சுவர், கீறிய எழுத்துகளின் பள்ளம் என எதுவும் விடுபடக்கூடாது. திறந்திருக்கும் ஓர் இடம் போதும், ஈரம் அதன் வழியாக முழுவதற்கும் போய்விடும். வார்னிஷ் வேலை பெரியவர்களுடையது, ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஈரம் முழுக்கப் போகாத தடத்துக்கு வார்னிஷ் பூசினால் அது உள்ளேயே அடைபட்டு வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். எடையை அவ்வளவு வலியுறுத்துவது அதற்காகத்தான்.

இருந்தாலும், தாத்தாவின் பிறந்தநாள் மழைக்காலத்தை ஒட்டி வருமென்றால் நான் உப்பு மாவையே பரிந்துரைக்க மாட்டேன். சமையல் சோடாக் களிமண் செய்யுங்கள். இரண்டு கோப்பை சமையல் சோடா, ஒரு கோப்பை கார்ன்ஃப்ளார், ஒன்றேகால் கோப்பை தண்ணீர் மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு திடீரென்று கெட்டியாகி, கரண்டியோடு திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகும், அப்போதே இறக்கிவிடவேண்டும். கூடுதலாகக் கிளறினால் காயும்போது விரிசல் வரும். ஈரத்துணியால் மூடி ஆறவைத்து, பிறகு பிசையுங்கள். இதில் குளூட்டன் இல்லாததால் தடம் எழும்பி வராது. உப்பு மாவுபோல மழைக்காற்றில் நீர் கோக்கவும் செய்யாது. வெள்ளையாக, நுண்ணியதாக இருப்பதால் சின்னவனின் கைரேகைகூடத் தெரியும். ஒரு தடவை கிளறினால் பெரியவர்கள் இருவருக்கோ குழந்தைகள் ஐந்தாறு பேருக்கோ போதும். இதை ஓவனில் வைக்காதீர்கள். சூட்டில் சோடா சிதைந்து வாயுவை விடும், மேற்பரப்பு பொரிந்துவிடும். கம்பி வலையில் நிழலில் காய்ந்தால் போதும். வார்னிஷ் இதற்கும் தேவை.

எல்லோருடைய கையையும் ஒரே பலகையில் என்கிறீர்களே, அந்த ஆசையை ஒன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கையும் தனி வில்லையாக இருக்கட்டும். பெரிய பலகையாக ஒரே மாவைத் தேய்த்தால் ஓரம் ஒரு வேகத்திலும் நடு ஒரு வேகத்திலும் காய்ந்து வளையும், பிளக்கும். ஒருவருடையது உடைந்தால் எல்லோருடையதும் போய்விடும். காய்ந்து, வார்னிஷும் பூசிய வில்லைகளை மரப்பலகையில் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். ஊரில் இல்லாதவர் தன்னுடையதைப் பிறகு கொண்டுவந்து சேர்க்கலாம். நாளை ஒரு பேத்தி பிறந்தால் அவளுக்கும் இடம் விட்டு வைக்கலாம்.

முதியவரின் கைக்குக் கூடுதல் கவனம் தேவை. மூட்டுவலி இருந்தால் விரல்களை அழுத்தி விரிக்கச் சொல்லாதீர்கள். களிமண்ணைச் சற்று இளக்கமாக வைத்து, மேசை முன் உட்காரவைத்து, கை இயல்பாகப் படியும் நிலையிலேயே பதியுங்கள். விரல்கள் மடங்கியிருந்தால் மடங்கியே இருக்கட்டும். அது அவருடைய கை. பேத்தி அவர் விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திக் கொடுக்கலாம். தோலில் கீறலோ படையோ இருப்பவர்களுக்கு உப்பு மாவு எரியும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மேலே சொன்ன அளவில் பிசைந்த உப்பு மாவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு உப்பு. இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்ன உருண்டையிலேயே சுமார் ஐந்து கிராம் இருக்கும். பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவை பிடிக்காமல் பெரும்பாலான குழந்தைகள் துப்பிவிடுவார்கள், ஆனால் அதை நம்பி விடக்கூடாது. விழுங்கியது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். சோடாக் களிமண்ணிலும் சோடியம் நிறைய உண்டு. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் உப்பு மாவு ஆபத்து. காய்ந்த தடங்களைக்கூட எட்டாத உயரத்தில் வையுங்கள். பையன் வயிறு நிறைந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது அவன் கையைப் பதியுங்கள். விழித்திருக்கும்போது முஷ்டியை மூடிக்கொள்வான், திறந்தால் களிமண்ணைப் பற்றி இழுப்பான். கை வசப்படவே இல்லையென்றால் பாதத்தைப் பதித்துவிடுங்கள். குதிகாலில் தொடங்கி விரல் நுனி வரை உருட்டுவதுபோல அழுத்தினால் அழகாக விழும். பதித்த கையோடு சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிறந்தநாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே பதித்துவிடுங்கள். பதிக்கும் மாலையில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். தாத்தாவிடம் மறைத்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். பேரப்பிள்ளைகளின் கைகள் ஒவ்வொன்றாகப் பதிவதை அவர் பார்ப்பதும் பரிசுதான்.

பழைய இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளை பூத்ததை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பின்புறப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, வறண்ட நாளொன்றில் தொடங்கி எடை நிற்கும் வரை உலரவைத்து, சுற்றிலும் மறுபடி வார்னிஷ் பூசுங்கள். பிளந்ததற்கு அதே அளவில் கொஞ்சம் மாவு பிசைந்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கி, விரிசலில் மெல்லிய அடுக்காக நிரப்புங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. இரண்டையும் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சின்னவனுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.