எளிய தேவைக்கு எந்தப் பட மென்பொருள்?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்கிறேன். சேலைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படத்தை வெட்டவும், வெளிச்சம் கூட்டவும், சேலையின் பெயரையும் விலையையும் அதன்மேல் தமிழில் எழுதவும் ஒரு மென்பொருள் வேண்டும். என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். கணினிக் கடைக்காரர் 500 ரூபாய்க்குப் போட்டோஷாப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: வேண்டாம், சகோதரி. அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப்பை முன்பு ஒரே தடவை பணம் கொடுத்து வாங்க முடிந்தது. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே கிடைக்கின்றன. ஆகவே 500 ரூபாய்க்குக் கடையில் போட்டுத் தருவது, அநேகமாக உரிமத்தைக் குறுக்குவழியில் உடைத்த திருட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். இத்தகைய பிரதிகளை நிறுவும்போது ஆன்ட்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். எந்த வேவு நிரலும் உள்ளே நுழைய அந்தச் சில நிமிடங்கள் போதும். நீங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான் என்றால், மிச்சமாகும் பணத்தைவிடப் பறிபோகக்கூடியது மிகப் பெரிது.

நீங்கள் சொன்ன வேலைகளைப் பாருங்கள்: வெட்டுதல், வெளிச்சம், எழுத்து. இவற்றில் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் கேட்காத ஒன்றை நானே சேர்க்கிறேன். உங்கள் தொழிலுக்கு அது வெளிச்சத்தைவிட முக்கியம். மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தில் மயில்கழுத்து நிறம் பச்சையாகத் தெரியும். சேலை கையில் கிடைத்ததும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். படமெடுக்கும்போது சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் ஸ்னாப்சீட் செயலியில் வெள்ளை நிறத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நிறம் எடுக்கும் குறியை அந்தத் தாளின்மேல் வைத்தால், படம் முழுவதும் பரவியிருக்கும் மஞ்சள் சாயல் பெரும்பாலும் விலகிவிடும். அதன் பிறகு தாள் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடலாம். கைப்பேசியிலேயே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

தமிழ் எழுத்துக்கு ஜிம்ப் மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். 1995-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இருவர் தொடங்கிய இது, இன்றும் முற்றிலும் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. யூனிகோடில் 'கெ' என்ற எழுத்தைச் சேமிக்கும்போது ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. இந்த வேலையை அறியாத மென்பொருள்களில் கொம்பு தனியே பிரிந்து நிற்கும். ஜிம்ப் இதைச் சரியாகச் செய்கிறது. வேறு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் 'கொண்டை', 'ஸ்ரீ' என்ற இரண்டு சொற்களைத் தட்டச்சு செய்து பாருங்கள். அவை சிதைந்தால் அந்த மென்பொருள் உங்களுக்கு உதவாது.

ஜிம்ப்பில் முதல் சில நாள்கள் தடுமாற்றம் இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. பட்டியல்கள் நீளமானவை, பழைய லேப்டாப்பில் அது திறக்கவும் சற்று நேரமாகும். ஆனால் விலை எழுதிய ஒரு மாதிரிப் படத்தை அதன் சொந்த எக்ஸ்.சி.எஃப். வடிவில் சேமித்து வைத்துவிட்டால், அடுத்த சேலைக்கு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளில் (லேயர்) படத்தையும் எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும். அச்சகத்தார் என்றாவது போட்டோஷாப் கோப்பு ஒன்றை அனுப்பினால், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயங்கும் போட்டோபீ தளத்தில் அதைத் திறந்து பார்க்கலாம். விளம்பரங்கள் வரும்; அதற்குமேல் கட்டணம் இல்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, பெயர் குறித்து வைக்க விரும்புகிறேன். முன்பு பிகாசா வைத்திருந்தேன். இப்போது போட்டோஷாப் எலிமென்ட்ஸ் வாங்கச் சொல்கிறான் மகன். நான் ஓய்வு பெற்றவன்.
– வாசகர், காரைக்குடி

பதில்: பிகாசாவை கூகுள் 2016-இல் கைவிட்டுவிட்டது. பலருக்கும் அது பெரிய இழப்பு. படங்களை அடுக்கி வைப்பதில் அவ்வளவு எளிய மென்பொருளை நான் பின்னர் காணவில்லை. ஓரளவு அந்த இடத்தை நிரப்புவது டிஜிகாம், இதுவும் இலவசம். முகங்களை அடையாளம் கண்டு பெயரிடவும், குறிப்புகளை எழுதி வைக்கவும் இதில் வசதி உண்டு. போட்டோஷாப்பின் எளிய வடிவமான எலிமென்ட்ஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் 2025 பதிப்பிலிருந்து அதன் உரிமம் 3 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதை அறிந்துகொண்டு முடிவெடுங்கள். கீறல் நீக்குவதற்கு மேலே சொன்ன ஜிம்ப்பிலுள்ள குணமாக்கும் கருவியே போதும்.

மென்பொருளைவிட ஸ்கேன் செய்யும் விதத்தில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்து, டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு, திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது நுணுக்கத்தை இழக்கிறது. பாட்டியின் மூக்குத்தி மங்கிப்போனால் அதை மீட்க வழியில்லை. கீறல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் என் புகைப்படம் 'அளவு சரியில்லை' என்று திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது. எதில் சரிசெய்வது?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அறிவிப்புகளில் புகைப்படம் 200 x 230 பிக்சலும் 20 முதல் 50 கேபி வரையும், கையொப்பம் 140 x 60 பிக்சலும் 10 முதல் 20 கேபி வரையும் இருக்க வேண்டும் என்று குறிப்பிடுவது வழக்கம். உங்கள் அறிவிப்பில் உள்ள எண்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலுள்ள பெயின்டிலேயே பிக்சல் அளவை மாற்றிவிடலாம். ஆனால் அப்படிச் சேமித்த படம் சில வேளைகளில் 20 கேபிக்கும் கீழே இறங்கிவிடும், அதுவும் நிராகரிக்கப்படும். இர்ஃபான்வியூ என்ற சிறிய மென்பொருளில் சேமிக்கும்போது தரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், கோப்பின் அளவை வேண்டிய எல்லைக்குள் கொண்டுவர முடியும். சொந்த உபயோகத்துக்கு அது இலவசம்; வணிக உபயோகத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். கேபி குறைத்துத் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் உங்கள் முகத்தையும் கையொப்பத்தையும் பதிவேற்றாதீர்கள்.