டிகாக்‌ஷன் ஏன் கள்ளிச்சொட்டா இறங்க மாட்டேங்குது? வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல போற போக்குல "வீட்டுக் காபி நல்லா இல்லைன்னா பொடியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஸ்பூனைப் பாருங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல காபிதான், கள்ளிச்சொட்டா, அதாவது நல்லா கெட்டியா, இறக்குறது எப்படின்னு. அதனால சேலை கறை, இட்லி மாவு எல்லாம் அடுத்த வாரம்.

அக்கா, நாங்க வாங்குற பொடி ரெண்டு ஸ்பூன் போட்டாலே டிகாக்‌ஷன் கருகருன்னு இறங்குது. ஆனா குடிச்சா காபி குடிச்ச மாதிரியே இல்ல, நாக்குல ஒரு கசப்பு மட்டும் நிக்குது. ஹோட்டல்ல குடிக்கிற ஸ்ட்ராங் காபி வீட்ல வர என்ன பொடி வாங்கணும்? (வாசகி, தஞ்சாவூர்)

முதல்ல எழுந்து போய் அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், போட்டே ஆகணும், சட்டம். அதே சட்டம் 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி கலந்துக்கலாம்னும் விட்டிருக்கு, அதாவது நீங்க காபின்னு காசு குடுத்து வாங்குறதுல கிட்டத்தட்ட பாதி ஒரு செடியோட வேரா இருக்கலாம். சிக்கரி கெட்டதுன்னு சொல்லல, வறுத்து அரைச்ச வேர் அது, காஃபின் துளி கூட கிடையாது, ஆனா தண்ணி பட்டதும் கடகடன்னு கரைஞ்சு கலரையும் ஒரு மாதிரி கொழகொழப்பையும் குடுத்துடும். உங்களுக்கு ரெண்டு ஸ்பூன்ல கருப்பா வர்ற ரகசியம் அதுதான். கருப்பு வேற, ஸ்ட்ராங் வேற.

நானே மூணு வருஷம் ஏமாந்தவதான். பக்கத்துல ஒரு கடையில 80-20ன்னு சொல்லி அரைச்சுக் குடுப்பாங்க, நானும் நம்பி வாங்கிட்டு வருவேன், வீட்டுக்காரர் தினமும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிப்பார். ஒரு நாள் கடுப்புல கண்ணாடி டம்ளர்ல பச்சத் தண்ணி எடுத்து மேல ஒரு சிட்டிகை பொடியைத் தூவிப் பார்த்தேன். காபிப்பொடி கொஞ்ச நேரம் மேலயே மிதக்கும், சிக்கரி உடனே கீழ இறங்கும், இறங்கும்போதே பழுப்பா நூல் நூலா கோடு விட்டுக்கிட்டுப் போகும். அன்னைக்கு என் டம்ளர்ல மழை பெஞ்ச மாதிரி கோடு! அளவெல்லாம் இதுல சொல்ல முடியாது, ஆனா 20க்கு அவ்ளோ கோடு வராதுன்னு மனசு சொல்லிடுச்சு. கடையை மாத்திட்டேன்.

சரி, என்ன கேட்டு வாங்குறது. கடையில பிளான்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டான்னு எழுதி வச்சிருப்பாங்க, பாதிப் பேர் தெரியாமலே தலையாட்டிட்டு வர்றோம். பிளான்டேஷன்னா பழத்தோட தோலை எடுத்துக் கழுவிப் பதப்படுத்தின அராபிகாங்கிற ரகத்துக் கொட்டை, 'ஏ'ங்கிறது அதோட சைஸ், முதல் தரம்னு அர்த்தம் இல்ல. பீபெரிங்கிறது பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணே ஒண்ணு உருண்டையா இருக்கும் பாருங்க, அது. ரோபஸ்டா இன்னொரு காபி ரகம், அதுன்னா நம்ம ஊர்ல ஒரு இளக்காரம், மட்டமான கொட்டைன்னு. ஆனா நீங்க கேக்குற அந்த கனம், அந்த அடி, அது ரோபஸ்டாலதான் இருக்கு, காஃபினே அராபிகாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வாசனைக்கு அராபிகா, திடத்துக்கு ரோபஸ்டா. நான் வாங்குறது 200 கிராமுக்கு பிளான்டேஷன் ஏ 100, பீபெரி 50, ரோபஸ்டா 50, சிக்கரி வேண்டாம்னு சொல்லிடுவேன். சிக்கரி இல்லாம பழக்கம் இல்லாதவங்க பத்து சதவீதம் போட்டுக்கோங்க, அதுக்கு மேல வேணாம். அப்புறம் "நல்லா கருக வறுங்க"ன்னு கேக்காதீங்க, கருக வறுத்தா கசப்புதான் கூடும், திடம் கூடாது.

இப்போ ஸ்பூன் விஷயம். பொடி எதுவா இருந்தாலும் ரெண்டு ஸ்பூன்ல ஸ்ட்ராங் வராதும்மா. 30 கிராம், அதாவது கிட்டத்தட்ட நாலு குவிச்ச ஸ்பூன் பொடிக்கு 150 மில்லி தண்ணி. அதுல பொடி குடிச்சது போக ஒரு 90 மில்லி இறங்கும், மூணு பேருக்கு அது சரியா இருக்கும். "இவ்ளோ பொடியா"ன்னு வயிறு எரியும், தெரியும், ஆனா ஹோட்டல்காரன் செய்றது இதைத்தான், வேற மந்திரம் எதுவும் இல்ல.

ஃபில்டர்ல டிகாக்‌ஷன் ஒரு நாள் குழாய் மாதிரி கொட்டுது, ஒரு நாள் ராத்திரி போட்டது காலைல வரைக்கும் இறங்கல. ஃபில்டரை மாத்தணுமா? (வாசகர், மதுரை)

மாத்தாதீங்க சார். கொட்டுச்சுன்னா பொடி கொரகொரன்னு இருக்கு, இல்லைன்னா நீங்க குடையை, அதான் உள்ள பொடி மேல வைக்கிற காம்பு வச்ச ஓட்டைத் தட்டை, வச்சு அமுக்கல. இறங்கலைன்னா பொடி மாவா அரைச்சிருக்கு, இல்லைன்னா குடையை பலம் கொண்ட மட்டும் அமுக்கிட்டீங்க. அமுக்குறதுன்னா பொடி சமமா படிஞ்சா போதும், செங்கல் சூளையில மண்ணை அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது. கடையில "ஃபில்டருக்கு"ன்னு சொல்லியே அரைக்கச் சொல்லுங்க. தண்ணி தளதளன்னு கொதிச்சது ஊத்தணும், குடை மேல மெதுவா சுத்தி ஊத்தணும், அப்புறம் மூடி வச்சுட்டு வேற வேலையைப் பாருங்க, 15 இருபது நிமிஷத்துல இறங்கிடும். சில சமயம் கீழ காத்து அடைச்சுக்கிட்டு நின்னுடும், மேல் பாத்திரத்தை லேசா தூக்கி வச்சா சொட்ட ஆரம்பிக்கும்.

இது எல்லாம் சரியா இருந்தும் அடம் பிடிச்சா ஓட்டை அடைச்சிருக்கு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, பாதி ஓட்டை இருட்டா தெரியும். எவர்சில்வர் ஃபில்டர்னா மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியில பிடிச்சு கேஸ் அடுப்புத் தீயில அடிப்பக்கத்தை காட்டுங்க, உள்ள மாட்டியிருக்குற பொடி சிவப்பா கனிஞ்சு சாம்பலாகி உதிர்ந்துடும், ஆறினதும் தட்டிக் கழுவிட்டா புதுசு மாதிரி. பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர்ல இதைச் செஞ்சுடாதீங்க, ஈயம் பூசினது உருகிடும்.

காலைல இறக்கின டிகாக்‌ஷனை சாயங்காலம் சூடு பண்ணலாமா? செகண்ட் டிகாக்‌ஷன் போடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

அடுப்புல நேரா வச்சுக் கொதிக்க விட்டா செத்துச்சு. வெந்நீர்ல டம்ளரை வச்சு சூடேத்துங்க, இல்லைன்னா அப்படியே சூடான பால்ல விடுங்க. செகண்ட் டிகாக்‌ஷன் வேலைக்காகாது, கழுநீர்தான், வந்த விருந்தாளி சீக்கிரம் கிளம்பணும்னா போடுங்க.

பெங்களூர்ல பிஜியில (பேயிங் கெஸ்ட் ஹாஸ்டல்) இருக்கேன், ரூம்ல ஒரு கெட்டில் மட்டும்தான். இன்ஸ்டன்ட் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு. மோக்கா பாட் வாங்கலாமா? (வாசகர், பெங்களூரு)

தம்பி, நாட்டுல விளையுற காபில கிட்டத்தட்ட 70 சதவீதம் கர்நாடகாவுலதான், சிக்கமகளூரும் குடகும் பஸ் ஏறினா வர்ற தூரம், அங்க உக்காந்துக்கிட்டு இன்ஸ்டன்ட் குடிக்கிறேன்னு எனக்கு எழுதுறீங்களே! மோக்கா பாட் நல்ல சாமான்தான், இத்தாலியில 1933ல வந்தது, அடியில தண்ணி கொதிச்சு ஆவி தள்ளுற தள்ளுல பொடி வழியா ஏறி மேல வரும், நம்ம டிகாக்‌ஷனுக்கு ரொம்ப கிட்ட வரும் ருசி. ஆனா அதுக்கு அடுப்பு வேணும், அலுமினியத்துல வாங்கிட்டா இன்டக்‌ஷன்லயும் சூடேறாது. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம், கெட்டில்ல வெந்நீர் இருக்கு, ரெண்டு கப் எவர்சில்வர் ஃபில்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, அதுக்கு கரண்டும் வேணாம் கேஸும் வேணாம். பொடியை 100 கிராம் 100 கிராமா வாங்கி காத்துப் புகாத டப்பால போட்டு வைங்க, அரைச்ச பொடிக்கு வாசனை நாளுக்கு நாள் போயிடும், அரை கிலோ வாங்கி வச்சா கடைசி கால் கிலோ வெறும் தூள்தான்.

எங்க மாமியார் கள்ளிச்சொட்டா ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் குடிக்கிறாங்க, அதுவும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துலயே. சொன்னா கோவிச்சுக்கிறாங்க. எவ்ளோ குடிக்கலாம்? (பேர் வேண்டாம், திருச்சி)

ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல வேண்டாம்னு இருக்கு, டிகாக்‌ஷன் காபி 150 மில்லில 80லேர்ந்து 120 வரைக்கும் இருக்கும்னும் அதுலயே போட்டிருக்கு. அப்போ மூணு டம்ளர்லயே எல்லை கிட்ட வந்துடுது, அதுல ரோபஸ்டா கலந்திருந்தா இன்னும் சீக்கிரம். அஞ்சை விட எனக்கு அந்தத் தட்டுப் பக்கத்து டம்ளர்தான் உறுத்துது. காபி டீயில இருக்குற டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டுல இருக்குற இரும்புச் சத்தை உடம்புல சேர விடாது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் வேண்டாம்னு அதே வழிகாட்டி சொல்லுது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறவங்கன்னா டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

டம்ளரை எண்ணிச் சண்டை போடாதீங்க. சாயங்காலக் காபிக்கு மட்டும் சின்ன டம்ளரை எடுங்க, டிகாக்‌ஷன் திக்கா இருந்தா அவங்க அளவைக் கவனிக்க மாட்டாங்க. தட்டு விஷயத்தை நீங்க சொல்ல வேணாம், இந்தப் பக்கத்தைத் திறந்து ஊஞ்சல் மேல வச்சுட்டு மாடிக்குத் துணி காயப்போட போயிடுங்க.