பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லும் கவிதை

மதிப்பிற்குரிய அம்மா,

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை இரவுகளில் ஏதோ ஒரு கஃபேயில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்கிற ‘ஓப்பன் மைக்’ என்று போய், மேடையில் சொல்வதற்காகவே எழுதும் ‘ஸ்போக்கன் வேர்டு’ கவிதை சொல்கிறாள். ஒரு வீடியோ யூடியூபில் வந்திருக்கிறது. பஸ்ஸில் ஒருவன் தொட்டது, வயதுக்கு வந்தபோது வீட்டில் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. ஆங்கிலமும் இந்தியும் கலந்த மொழி. எழுதி வாங்கிப் படித்தேன், தாளில் அது நிற்கவில்லை. வேறு சில பெண்களின் வீடியோக்களையும் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே ராகம். கீழே வந்திருக்கும் கமெண்டுகளைப் படிக்க முடியவில்லை. “புனைபெயராவது வைத்துக்கொள்” என்றேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இது கவிதைதானா? நான் சொன்னதில் என்ன தவறு?

ர., கோவை

அன்புள்ள ர. அவர்களுக்கு,

வீடியோவின் இணைப்பை நீங்கள் அனுப்பவில்லை. அதனால் உங்கள் மகள் சொன்னது நல்ல கவிதையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் புனைபெயர் விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் தாள். இந்த வகை தாளுக்காகப் பிறந்ததே இல்லை. 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி, கவிதை வாசிப்புக் கூட்டங்களின் சலிப்பைப் பொறுக்க முடியாமல் ஒரு மது விடுதியில் தொடங்கிய கவிதைப் போட்டிதான் ‘ஸ்லாம்’. கேட்க வந்தவர்களில் சிலரே நடுவர்கள். மூன்று நிமிடம் சொல்லலாம். மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து பத்து வரை. தாளில் நீங்கள் தேடியது அதன் குரலிலும் மூச்சிலும் இருந்திருக்கும். நம் ஊர் ஒப்பாரியை எழுதிப் படித்தாலும் இப்படித்தான் மெலிந்து தெரியும். மகாராஷ்டிர கிராமங்களில் விடியலில் திருகை சுற்றிக்கொண்டே பெண்கள் பாடிய ஓவிப் பாடல்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் ‘பாரி’ (PARI) இணையதளத்தில் பலவற்றைக் கேட்கலாம். பிறந்த வீடு, புருஷன், மாமியார், வேலை, உடம்பு வலி என்று திரும்பத் திரும்ப அதே பொருள்தான். ஒரே விஷயத்தைப் பாடுகிறார்கள் என்று அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் மகளையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இப்போது பெயர். நம் அகப்பாடல்களில் தலைவி பேசிக்கொண்டே இருக்கிறாள். பசலையைச் சொல்கிறாள், தூங்காத இரவைச் சொல்கிறாள், ஊரார் தூற்றுவதைச் சொல்கிறாள். ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது. ‘சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பியம் வைத்த விதி. அந்த விதியால் நமக்கு மகத்தான கவிதைகள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைவியின் குரலில் எழுதிய புலவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள்.

வடக்கே இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. லக்னோவில் ‘ரேக்தி’ என்றொரு உருதுக் கவிதை வகை இருந்தது. முழுக்கப் பெண்களின் பேச்சு மொழி, பெண்ணின் ‘நான்’. எழுதியவர்களில் பெயர் பெற்றவர்கள் எல்லாம் ஆண்கள்தான், ரங்கீனும் இன்ஷாவும் போல. 19ஆம் நூற்றாண்டில் ஜான் சாஹிப் என்ற கவிஞர் முஷாயரா எனும் கவியரங்கத்தில் பெண்ணுடை அணிந்து அந்தக் கவிதைகளைச் சொன்னார் என்பார்கள். சபை நிறைய ஆண்கள், மேடையில் பெண் வேடமிட்ட ஆண், அவர் வாயில் பெண்ணின் அந்தரங்கம். அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரிகள் அந்தச் சபைக்குள் வர முடியாது.

இதைத் தெரிந்துகொண்டு 2015க்கு வாருங்கள். ரெனே சரண்யா வர்மா என்ற டெல்லிக் கல்லூரி மாணவி மைக் முன்னால் நின்று, பாடகர் ஹனி சிங்குக்கு ஒரு திறந்த கடிதத்தைக் கவிதையாகச் சொல்கிறார். அவர் பாட்டுகளில் பெண்கள் என்னவாக வருகிறார்கள் என்று நேருக்கு நேர் கேட்கிறார். 2017இல் மும்பையில் 18 வயது அரண்யா ஜோஹர், பழுப்பு நிறப் பெண்ணாக இந்த நாட்டில் வளர்வது எப்படி என்று சொன்ன கவிதை உலகம் முழுக்கப் பரவியது. இரண்டிலும் சொல்பவரின் முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது. ‘இது கற்பனைத் தலைவி’ என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்கும் வழியில்லை, கேட்கும் நமக்கும் வழியில்லை. பஸ்ஸில் நடந்ததைப் பெயரில்லாத ஒரு பெண் சொன்னால் அது செய்தி. உங்கள் மகள் தன் பெயரைச் சொல்லிவிட்டுச் சொன்னால், ‘யாருக்கோ நடந்தது’ என்று யாரும் தப்பிக்க முடியாது. அந்தப் பெயரும் கவிதையின் ஒரு வரி. அதை நீக்கச் சொன்னீர்கள், அவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

‘ஒரே ராகம்’ என்றீர்களே, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வரியின் முடிவில் குரலைத் தொங்கவிடுவது, நடுவில் திடீரென்று வேகமெடுப்பது, கடைசியில் உடைவது. இது பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களிலிருந்து கற்றுக்கொண்டது. எனக்கும் அலுப்பாக இருக்கிறது. அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. காயத்தைச் சொன்னால்தான் வீடியோ ஓடும் என்றாகும்போது, ஒரு பெண்ணிடம் மேடை அவள் காயத்தை மட்டுமே கேட்க ஆரம்பிக்கிறது. அதை மீறியவர்களும் இருக்கிறார்கள். பிரியா மலிக் 2019இல் இருந்துகொண்டு 1999இன் காதலுக்கு ஏங்கி இந்தியில் சொன்ன கவிதையில் காயமே இல்லை, அவ்வளவு இனிமை. சபிகா அப்பாஸ் நக்வி கஃபேயை விட்டு வெளியே வந்து தெருவில் நின்று சொல்கிறார், டிக்கெட் கிடையாது. பொட்டும் வளையலும் புர்காவும் ஹிஜாபும் அணிந்துகொண்டு புரட்சி வரும் என்று நபியா கான் எழுதிய வரியை, குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது முன்பின் தெரியாத பெண்கள் அட்டைகளில் எழுதிப் பிடித்தார்கள். உங்கள் மகளுக்கு இவர்களைக் காட்டுங்கள், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். தமிழிலும் ஒன்று சொல்லிப் பாரேன் என்று கேளுங்கள். திருத்தமாக இல்லை, ஆசையாகக் கேளுங்கள்.

கமெண்டுகள் பற்றிய உங்கள் பயம் பொய்யில்லை. 2002இல் கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது, அதன் தலைப்புக்காகவே அவர் பட்ட வசை நமக்குத் தெரியும். அவர் மேடை ஏறி முழங்கவில்லை, புத்தகம்தான் போட்டார். தாளும் காப்பாற்றவில்லை. 2018இல், பாலியல் அத்துமீறல்களைப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்ன மீடூ வந்தபோது, மும்பைக் கவிதை மேடைகளில் புகழ் பெற்றிருந்த ஓர் ஆண் மீதே குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதனால் பெயரை மறைக்கச் சொல்வதைவிட வேறு சில கேள்விகள் உதவும். அந்த மேடையை நடத்துவது யார்? இரவு எப்படி வீடு திரும்புகிறார்? வீடியோ யாருடைய சேனலில் இருக்கிறது, எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா, அதை எழுத்தில் வாங்கியிருக்கிறாரா? கமெண்டுகளை மூடவோ வடிகட்டவோ சேனல்காரரால் முடியும், அதைக் கேட்டு வாங்கலாம். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுக்க வேண்டும். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தக் கமெண்டுகளை அவருக்குப் பதில் நீங்கள் படித்து, அழிக்க வேண்டியதை அழிக்க உதவலாம். என்னைக் கேட்டால், ஒரு அப்பா செய்யக்கூடியதில் இதுதான் பெரிய உதவி.

அப்புறம், அடுத்த ஓப்பன் மைக் எப்போது என்று கேட்டுவிட்டு பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சில வரிகளைச் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

அன்புடன்.